நெருப்புக்கு வெட்டிய வாய்க்கால்

போன கிழமை நெடுங்கேணியிலிருந்து ஒரு மனுசி வந்தார். முன்பின் தெரியாதவர். இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து, எங்கள் படலையில் வந்து நின்றார்.

"இஞ்சைதானே நிலத்துக்குக் கீழை நெருப்பு எரியுது?"

"ஓம்" என்றேன்.

"ஒருக்கால் தொட்டுப் பாக்கலாமோ?"

செருப்பைக் கழற்றினார். அறைக்குள் வந்து குந்தினார். உள்ளங்கையை நிலத்தில் வைத்தார். மற்றக் கையையும் வைத்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் பொத்திக்கொண்டார்.

"மெய்தான்" என்றார். "சனம் புளுகுதெண்டெல்லோ நினைச்சன். ஏன் பிள்ளை, இதுக்குள்ளை பாம்பு வந்து படுக்காதோ?"

"புகைக்குள்ளை எந்தப் பாம்பு படுக்கும்?"

தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கதையைக் கேட்டார். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஆனால் இரண்டு பஸ் மாறி வந்தவருக்குச் சொல்லாமல் விடலாமா? அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். பேப்பருக்காக ஒன்றும் கூட்டவில்லை.

இந்தப் பத்தியைக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவர்களுக்கு என் மச்சாளைத் தெரியும். தெரியாதவர்களுக்கு — என் மனுசனின் தமக்கை. பெயர் நல்லம்மா. என் மனுசனின் செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்தது. வந்த சனமெல்லாம் வெளிக்கிட்டது. மச்சாள் குசினிக்குள் போய் உலை வைத்தார்.

அவ்வளவுதான். இருங்கோ என்று நான் சொல்லவில்லை. இருக்கிறேன் என்று அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வயல் என் பாடு. வீடு அவர் பாடு.

எங்களுடையது குடியேற்றத் திட்டத்து வீடு. கண்டாவளைப் பக்கம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. வாய்க்காலுக்குக் கீழே இருக்கிறது. 'உனக்கென்ன, வாய்க்கால் காலடியிலை' என்று கோடையில் சனம் பொறாமைப்படும். மாரியில் வந்து பார்க்கட்டும். ஐப்பசி மழை இரண்டு விழுந்தால் போதும் — நிலம் வேர்க்கத் தொடங்கிவிடும். பாய் நனையும். அரிசிச் சாக்கு நனையும். சுவரில் கை வைத்தால் கை நனையும்.

போன மாரியில் மச்சாளுக்கு முழங்கால் மடங்கவில்லை. மடங்கினால் நிமிரவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனார். நோகுது என்று ஒரு சொல் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தை பிறந்ததும் சொன்னார்.

"பறுவதம், அடுத்த மாரிக்கு நான் இஞ்சை நிக்கமாட்டன். தம்பியன் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்."

தம்பியன் அவருடைய ஒரே மகன். யாழ்ப்பாணத்தில் கந்தோரில் எழுத்து வேலை. நல்ல பிள்ளை. மருமகளும் குறை சொல்ல முடியாத பெண். அங்கே நிலத்தில் ஈரமில்லை. வேலைக்கு ஆள் இருக்கிறது. விறாந்தையில் மச்சாளுக்கென்று ஒரு கதிரை போட்டுவிடுவார்கள்.

அந்தக் கதிரைதான் எனக்குப் பிடிக்கவில்லை. வேலை ஒன்றும் கொடுக்காமல் மச்சாளை ஒரு கதிரையில் இருத்தினால் அவர் என்ன ஆவார்? சரி, என்னையும் நினைத்தேன். இல்லையென்று சொல்வானேன்? வயலால் வந்து இருட்டுக் கிடக்கிற வீட்டுக்குள் ஏறுவதென்றால்...

"மாரி வரட்டும், பாப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். கட்டில் இருக்கிறது. படுப்பதுதான் கட்டிலில். விடிந்தால் மச்சாள் நிலத்தில்தான். காய் வெட்டுவது நிலத்தில். கீரை ஆய்வது நிலத்தில். அரிசி புடைப்பது, தேங்காய் துருவுவது, கதை கேட்பது — எல்லாம் நிலத்தில். பலகை போட்டுக் கொடுத்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். ஆளை நிலத்திலிருந்து தூக்க முடியாது. நிலத்தைத்தான் மாற்றவேண்டும்.

எப்படி மாற்றுவது? அதைப் பேக்கரியில்தான் கண்டேன்.

மாசியில் ஒருநாள். சந்திக்குப் போன இடத்தில் பேய் மழை பிடித்தது. பேக்கரிக்கார முஸ்லிம் அண்ணை கூப்பிட்டார். நாங்கள் அவரைக் காக்கா என்போம்.

"உள்ளுக்கு வாங்க தங்கச்சி. மாவு மூட்டைக்குப் பக்கத்தில இருங்க."

பாண் வேகிற போறணைக்குப் பின்னால் மாவு அடுக்குகிற அறை. நிலத்தில் இருந்தேன். மழை விட எழும்பினேன். சேலை காய்ந்திருந்தது! முதுகுப் பக்கம் நனைந்தபடி. இருந்த பக்கம் காய்ந்தபடி.

"காக்கா, இந்த நிலம் ஏன் சுடுகுது?"

"போறணைச் சூடு கீழால வருது. மாவு கட்டிபடாது. நம்மட பூனையைப் பாருங்க, அந்த இடத்தை விட்டு எழும்பாது."

பூனை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அதன் இடத்தில்தான் நான் இருந்திருக்கிறேன்.

வயல் அறுவடை முடிந்ததும் மேசன் தருமுவைக் கூப்பிட்டேன். தருமு எங்கள் வாய்க்காலிலேயே காணிக்காரன். வயல் வேலை இல்லாத நாளில் மேசன். அந்த நேரம் எல்லோரும் வீட்டை முன்னால் நீட்டினார்கள். றோட்டால் போகிறவர்கள் பார்ப்பதற்கு. நான் பின்னால் நீட்டச் சொன்னேன். குசினியை ஒட்டி, வடக்குப் பக்கமாக, ஒரு அறை.

"சரி அக்கா. நிலம் உயர்த்திச் சீமெந்து போடுவம்."

"போடு. ஆனால் அதுக்குக் கீழாலை குசினி அடுப்புச் சூடு போகவேணும்."

"என்னத்தாலை போறது?"

"வாய்க்காலாலை."

தருமு தலையைச் சொறிந்தான். பிறகு முகம் மலர்ந்தது. வாய்க்கால் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்காததா?

"அப்பிடிச் சொல்லுங்கோவன்! தலைவாய்க்கால் ஒண்டு. கிளை இரண்டு. குசினியிலை மடை. வடக்குச் சுவரிலை கழிவு. முடிஞ்சுது வேலை."

கதை பரவியது. கந்தையண்ணை வந்தார். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பங்கிடுகிறவர் அவர். அவர் வாயும் ஒரு வாய்க்கால்தான்.

"என்ன பறுவதம், உயிரோடை ஆரும் நெருப்புக்கு மேலை படுக்கிறதோ? செத்தவையெல்லோ கட்டைக்கு மேலை படுக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். மச்சாள் கீரை ஆய்ந்தபடி, நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்.

"கந்தையா, கொம்மா உன்னைப் பெத்துப்போட்டு நெருப்புச் சட்டிக்கு மேலைதான் படுத்துக் கிடந்தவா. போய்க் கேட்டுப் பார். பெத்ததை நினைச்சு அழுதாலும் அழுவா."

தருமுவின் கையிலிருந்த மேசன் கரண்டி கீழே விழுந்தது. சிரிப்பில்.

உண்மைதானே. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கட்டிலுக்குக் கீழே தணல் சட்டி வைக்காத வீடு எது? வாதம் வந்தவருக்கு வைத்தால் மட்டும் சுடலையா?

கந்தையண்ணை கோபிக்கவில்லை. சரிவு பார்க்க அவரே நூல் பிடித்தார். செங்கல்லால் வாய்க்கால் கட்டினோம். குசினிப் பக்கம் உயரம். வடக்குப் பக்கம் தாழ்வு. மேலே தட்டைக் கல்லால் மூடுவதற்கு முன் தருமு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தான்.

"எல்லாரும் வடக்குப் பக்கம் போய் நில்லுங்கோ!"

போய் நின்றோம். அவன் குசினியில் ஊற்றினான். தண்ணீர் இரண்டு கிளையாலும் பிரிந்து வந்து, ஒரேயடியாய் வெளியே விழுந்தது.

"பாத்தியளோ அக்கா! சொட்டுத் தேங்கேல்லை!"

கந்தையண்ணை கை தட்டினார். "அரசாங்கம் வெட்டின வாய்க்கால்கூட இப்பிடி ஓடாது" என்றார். நானும் தலையாட்டினேன்.

இதில் என்ன பிழை என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். அங்கே நின்ற ஒருவருக்கும் விளங்கவில்லை. நாளும் பொழுதும் தண்ணீரையே நினைக்கிற சனம் நாங்கள். நெருப்புக்கு வாய்க்கால் வெட்டச் சொன்னாலும் தண்ணீருக்குத்தான் வெட்டுவோம்.

கல் மூடி, களிமண் அப்பி, சீமெந்து பூசி, ஆவணியில் அடுப்பு மூட்டினோம். சோளகக் காற்று தெற்காலும் மேற்காலும் அள்ளி வீசுகிற காலம். காற்று தள்ள, புகை வடக்கு வாயால் போனது. நிலம் சுட்டது. மச்சாள் நடுவில் இருந்து பார்த்தார்.

"எப்பிடி?"

"வேர்க்குது."

ஆவணி வெயிலில் வேர்க்காமல்? நான் சந்தோசத்தோடு வயலுக்குப் போனேன்.

பிறகு மழை வந்தது. சோளகம் போய் வாடை வந்தது. வாடை எங்கிருந்து வரும்? வடகிழக்கிலிருந்து. எங்கள் வடக்குச் சுவரின் வாய்க்குள் நேரே புகுந்தது. முதல் மழைக்கு அடுத்த காலை மச்சாள் அடுப்பு மூட்டினார். நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றேன். குசினி வாசலால் புகை மூட்டமாக வந்தது. அதற்குப் பின்னால் மச்சாள் வந்தார். கண் சிவந்து, இருமி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.

"உன்ரை நெருப்பும் வேண்டாம், நிலமும் வேண்டாம் பிள்ளை. என்னை விடு."

நான் திரும்ப மூட்டிப் பார்த்தேன். விறகை மாற்றிப் பார்த்தேன். புகை என் மூஞ்சையில்தான் அடித்தது. அறை நிலம் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்தது.

அன்று யாழ்ப்பாணம் போன ஒரு ஆளிடம் மச்சாள் சொல்லி அனுப்பிவிட்டார். மகனை வரச் சொல்லி. பின்னேரம் பார்த்தேன் — அவருடைய தகரப் பெட்டி வாசலில் இருந்தது. பூட்டியபடி.

ஆள் நோவோடு இருக்கும்போது 'நில்லுங்கோ' என்றால் அது என் சுயநலம். நிலம் காய்ந்தால்தான் அப்படிக் கேட்க எனக்கு வாய் இருக்கிறது.

மறுநாள் காலையில் தருமு வந்தான். மடையைக் கிண்டிப் பார்த்தான். அடைப்பு இல்லை. பிறகு என்ன செய்தான் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான்.

தண்ணீர் நன்றாகத்தான் போனது.

"வாய்க்காலிலை ஒரு குறையுமில்லை அக்கா" என்றான்.

நான் குசினிப் படியில் இருந்தேன். உள்ளே காலை அடுப்பின் மிச்சப் புகை சுழன்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கூரையின் தாழ்ந்த பக்கத்தில் சேர்ந்தது. பிறகு ஓட்டுக்குக் கீழாலே ஊர்ந்து முகட்டுக்கு ஏறியது. ஏறியது... ஏறியதுதான். ஒரு இழைகூட இறங்கவில்லை.

"தருமு."

"ஓமக்கா."

"புகை பள்ளத்துக்கு ஓடுமோ?"

அவன் கூரையைப் பார்த்தான். நிலத்தைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான்.

"ஐயோ அக்கா... தலைகீழாயெல்லோ வெட்டியிருக்கிறம்!"

"ம்."

"உடைக்கவோ?"

"உடைக்காதை. நெருப்பை மாத்து."

வாய்க்கால் பிழையென்றால் வாய்க்காலை உடைக்கவேண்டுமா? மடையைக் கழிவாக்கு. கழிவை மடையாக்கு. வடக்கே தாழ்ந்த பக்கத்தில் நெருப்பு. தெற்கே உயர்ந்த பக்கத்தில் புகைபோக்கி. வாடைக் காற்று பின்னால் நின்று ஊதிக் கொடுக்கும். எதிரியாக வந்த காற்றே கூலியில்லாத ஆளாகிவிடும்.

நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். மச்சாள் வந்தார்.

"எங்கை அடுப்பு வைக்கப் போறாய்?"

"வடகிழக்கு மூலையிலை. சுவருக்கு வெளியாலை."

"ஈசான மூலையிலையோ? சாமி மூலையிலை அடுப்போ?" மச்சாள் குரலை உயர்த்தி நான் கேட்டதே குறைவு. "அக்கினி மூலையிலை இருக்கிற அடுப்பைக் கொண்டுபோய் அங்கை வைச்சுச் சோறு சமைப்பியோ? அந்தச் சூட்டிலை நான் இருக்கமாட்டன். கால் அழுகினாலும் இருக்கமாட்டன்."

தருமு மெல்ல நழுவிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினான்.

எனக்கு மச்சாளோடு சாத்திரம் கதைக்க வராது. அவருக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறு. நெல் அவிக்கிற அடுப்பு முற்றத்தில் எங்கே வசதியோ அங்கேதான் இருக்கும். மழைக்கு ஒரு பக்கம், வெயிலுக்கு ஒரு பக்கம். அதற்கு ஒருவரும் மூலை பார்ப்பதில்லை.

"மச்சாள், அங்கை சோறு சமைக்கேல்லை."

"பேந்து என்ன?"

"நெல்லு அவிக்கப் போறன்."

வாடை அவர் சேலையை இழுத்தது.

"சோறு?"

"குசினியிலைதான். அக்கினி மூலையிலைதான்."

"மீன், மச்சம்?"

"அதுவும் குசினியிலைதான்."

மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"நெல்லெண்டால் லட்சுமி" என்றார். "அது சமையல் இல்லை."

போய்விட்டார். நான் தருமுவைக் கூப்பிட்டேன்.

வடகிழக்கில் கல் அடுக்கி நெல் அவிக்கிற அடுப்புக் கட்டினோம். அடுப்பின் பின்வாசல் வாய்க்காலுக்குள். மேலே தென்னோலைக் கிடுகால் ஒரு சாய்ப்புக் கூரை இறக்கினோம். தெற்கே புகைபோக்கிக்குக் குழாய் தேடவில்லை. வீட்டில் கிடந்த பழைய மண்பானைகளின் அடியை உடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரைக்கு மேலே வரைக்கும் அடுக்கி, மண் பூசினோம். அழகில்லை. அழகுக்கு யார் கட்டினது?

கிடாரத்தில் நெல்லைப் போட்டு, பாலைக் கட்டை வைத்து மூட்டினேன். புகை ஒரு கணம் யோசித்தது. பிறகு உள்ளே போனது. போய்... பானை வாயால் வெளியே வந்தது. தருமு துள்ளினான். நான் அறைக்குள் போய் நிலத்தில் கை வைத்தேன். முதலில் வடக்குப் பக்கம். பிறகு நடு. சூடு தண்ணீரைப் போலத்தான் வந்தது — ஆனால் மேட்டுக்கு.

மச்சாள் வந்து இருந்தார். இரண்டு காலையும் நீட்டினார். சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் உயர்த்தி, காலை நிலத்தோடு அழுத்தினார். கண்ணை மூடினார்.

நான் வயலுக்குப் போனேன்.

தகரப் பெட்டி வாசலிலேயே இருந்தது. மகனுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. சூடு காலுக்கு நல்லது. ஆனால் யாழ்ப்பாணத்துக் கதிரையும் காலுக்கு நல்லதுதானே?

நான் நினைக்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. அவித்த நெல் கிடாரத்தில் கிடக்கிறது. வெளியே விடாத மழை. வெயிலில்லாமல் அவித்த நெல்லை என்ன செய்வது? ஒரு நாள் வைத்தால் மணக்கும். சூட்டைத்தான் யோசித்தேனே தவிர, நெல்லை யோசிக்கவில்லை.

மத்தியானம் வயலால் வந்தேன். அறைக்குள் கால் வைக்க இடமில்லை. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் நெல். நடுவில் மச்சாள். கையில் ஒரு தடி, கோழி கலைக்க.

"காலைத் துடைச்சுப்போட்டு வா" என்றார்.

"மச்சாள், இது உங்களுக்குக் கட்டின அறை."

"தெரியும். நெல்லைத் துளாவு. அந்தக் கரை காயேல்லை."

நெல் காய்ந்தது. குற்றினோம். உடையாத அரிசி. மாரி நடுவில் புது அரிசிச் சோறு! வாசம் வாய்க்கால் முழுக்கப் போயிருக்கவேண்டும். மூன்றாம் நாள் கந்தையண்ணை படலையில் நின்றார். தலையில் சாக்கு. சாக்கில் அவித்த நெல். சாக்கிலிருந்து தண்ணீர் வடிகிறது.

"நல்லம்மாக்கா..."

"என்ன கந்தையா, கட்டைக்கு மேலை காயவைச்ச நெல்லைத் தின்னுவியோ?"

"பசிக்குதக்கா" என்றார் கந்தையண்ணை.

"கொண்டுவந்து கொட்டு."

பிறகு அவருடைய தங்கை. பிறகு தருமு. பிறகு ஆர் ஆரோ. மாரியில் நெல்லிருந்தும் அரிசியில்லாத வீடுகள் எத்தனை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விறாந்தையில் சாக்குகள் வரிசையாக நின்றன. யாருடையது முதல், யாருடையது பிறகு — எல்லாம் மச்சாளின் வாய்ச்சொல். தண்ணீர் பங்கிடுகிற கந்தையண்ணையே முறைக்குக் காத்திருந்தார். கோடையில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத பெண்கள் 'நல்லம்மாக்கா, நல்லம்மாக்கா' என்று வந்து அறையின் கரையில் குந்தினார்கள். மச்சாள் எழும்புவார். நெல்லைத் துளாவுவார். மற்றப் பக்கம் போய் இருப்பார். திரும்ப எழும்புவார். சுவரைப் பிடித்ததை நான் காணவில்லை.

சூடுதான் எழுப்பியதா, சாக்குகள் எழுப்பினவா? எனக்குத் தெரியாது. டொக்டர்மார் சொல்லட்டும். ஆளுக்கு ஒரு இடம் மட்டும் கொடுத்தால் போதாது, ஒரு அதிகாரமும் கொடுக்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

மார்கழி நடுவில்தான் லீவு கிடைத்துத் தம்பியன் வந்தான். வாடகைக் காரில். தாயைப் பஸ்ஸில் அலைக்க மனமில்லை அவனுக்கு. சொன்னேனே, நல்ல பிள்ளை. குடையை மடக்கிக்கொண்டு நேரே அறைக்குள் காலை வைத்தான்.

"டேய்! சப்பாத்து! நெல்லு!"

திடுக்கிட்டுப் பின்னால் போனான். சப்பாத்தைக் கழற்றினான். கால் நிலத்தில் பட்டதும் குனிந்து பார்த்தான்.

"என்னம்மா இது, சுடுகுது?"

"சுடத்தானே வேணும்."

"வெளிக்கிடுங்கோ அம்மா. கார் நிக்குது. மழை கூட முன்னம் ஆனையிறவு தாண்டவேணும்."

மச்சாள் அவனைப் பார்த்தார். நெல்லைப் பார்த்தார். விறாந்தையில் நின்ற சாக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியை எடுத்துக் காரில் வைப்பதா விடுவதா என்று தெரியாமல்.

"எப்பிடியடா வாறது? இது கந்தையாவின்ரை நெல்லு. இன்னும் ஒரு வெக்கை வேணும்."

"அவர் பாத்துக்கொள்ளுவார்தானே?"

"அவனோ? அவன் வாய்க்கால் தண்ணிக்காரன். அவனுக்கு நெருப்பு விளங்காது."

"அப்ப மாமி பாத்துக்கொள்ளுவா."

"அவவுக்கு வயல்."

"இந்த நெல்லுக் காய்ஞ்ச பிறகாவது?"

"பிறகு தருமுவின்ரை. பிறகு அவன்ரை மாமியின்ரை. எங்கடைக்கு இன்னும் முறை வரேல்லை."

"அம்மா, முழங்கால்..."

மச்சாள் எழும்பினார். தடியை ஊன்றாமல் எழும்பினார். அவன் முன்னால் போய் நின்றார்.

"இப்ப சொல்லு. முழங்காலுக்கு என்ன?"

தம்பியன் என்னைப் பார்த்தான். நான் வேறு எங்கோ பார்த்தேன். அவன் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அறைக்குள் இறங்கினான். தாய் சொன்ன கரையில் நெல்லைத் துளாவினான். கந்தோர்ப் பிள்ளை, கை வரவில்லை. மச்சாள் பார்த்துப் பார்த்து ஏசினார். அவன் சிரித்தான். கார்க்காரனும் வந்து குந்தினான். எல்லோருமாகச் சோறு தின்றோம்.

பின்னேரம் காரில் ஒரு மூட்டை அரிசிதான் போனது. தகரப் பெட்டியை நானே தூக்கி உள்ளே வைத்தேன். அதிகப் பாரமில்லை.

கார் வாய்க்கால் மதகைத் தாண்டும் மட்டும் மச்சாள் படலையில் நின்றார். பிறகு உள்ளே வந்து, அறையின் நீளத்தையும் அகலத்தையும் ஒருமுறை பார்த்தார். எனக்கும் கேட்கட்டும் என்று சொன்னார்.

"பறுவதம், வாற மாரிக்கு முன்னம் உந்த அறையை இன்னும் கொஞ்சம் நீட்டேலாதோ?"

தருமுவுக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.